எரியாத பல்பு

கண்ணாடித் தொட்டி ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் வந்தது. நாலடி நீளம். ஓனர் வீட்டு டிரைவர் காரின் பின்சீட்டில் படுக்க வைத்து, சுற்றிலும் தலையணை கொடுத்துக் கொண்டுவந்திருந்தார். அதில் விட வேண்டிய உயிர் தனியாக ஒரு துணிப்பையில் இருந்தது. கூடவே ஒரு அட்டைப்பெட்டி. அதில் பல்புகள், ஒயர்கள், ஹோல்டர்கள், சூடு காட்டும் ஊசி வைத்த ஒரு தெர்மாமீட்டர்.

காவாந்தண்டலம் தாண்டி ஒரு தோப்பில் நான் வாட்ச்மேன். மாவும் கொய்யாவும் இருக்கும். கிணறு, மோட்டார் ரூம், ஓனர் வந்தால் தங்க ஒரு வீடு. அதன் பின்பக்கம் எனக்கும் என் பெண்சாதிக்கும் ஒரு அறை. ஓனர் குடும்பம் சென்னையில் இருக்கிறது. அவர் மகளை நான் பாப்பா என்றுதான் கூப்பிடுவேன். பாப்பா அந்த மாதம்தான் வெளிநாட்டுக்குப் படிக்கப் போயிருந்தது. பையில் இருந்தது பாப்பா வளர்த்த பிராணி. ஓனரம்மாவுக்கு அதைக் கண்டால் ஆகாது. அதனால் தோப்புக்கு அனுப்பிவிட்டார்கள்.

டிரைவர் பையைத் தொட்டிக்குள் வைத்து வாயை அவிழ்த்தார். பச்சையாக ஒன்று மெதுவாக வெளியே வந்தது. உடம்பு என் முன்கை நீளம், வால் அதைவிட நீளம். கழுத்துக்குக் கீழே தோல் தொங்கியது.

என் பெண்சாதி வாசல்படியைத் தாண்டி வரவில்லை.

"இன்னாய்யா இது, இவ்ளோ பெரிய ஓணான்?"

"ஓணான் இல்லக்கா, இக்வானா. ஃபாரின்ல கீறது" என்றார் டிரைவர்.

"ஃபாரின் ஓணான்னு சொல்லு."

டிரைவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் பாப்பா போனில் வந்தது. முகம் தெரிந்தது. அங்கே இருட்டு, இங்கே வெயில்.

"அண்ணா, பெட்டிக்குள்ள ஒரு பேப்பர் இருக்கு. எந்த பல்பு எங்க மாட்டணும், எப்போ போடணும், எல்லாம் எழுதியிருக்கேன். படமும் போட்டிருக்கேன். பாத்து மாட்டிடுவீங்களா?"

"மாட்டிடுவேன் பாப்பா."

"புரியலன்னா கேளுங்கண்ணா. ப்ளீஸ். தை மாசம் நான் வந்துடுவேன். அதுவரைக்கும் இது உயிரோட இருக்கணும். அம்மா கிட்ட சண்டை போட்டுதான் உங்ககிட்ட அனுப்பியிருக்கேன்."

"உயிரோட கீதுன்னே வெச்சிக்கோ பாப்பா. நான் பாத்துக்கிறேன்."

அப்படித்தான் சொன்னேன். வார்த்தை கொடுத்தாகிவிட்டது.

பேப்பரை எடுத்துப் பார்த்தேன். முழுக்க இங்கிலீஷ். எனக்குத் தமிழே எழுத்துக் கூட்டித்தான் வரும். நாலு படம், அம்புக்குறி, கட்டம். மடித்து ரேஷன் கார்டு கவருக்குள் வைத்துவிட்டேன். பல்பு மாட்ட எனக்கு எதற்குப் பேப்பர்?

ஏன் அப்படி நினைத்தேன் என்று சொல்ல வேண்டும். அதற்கு முன்னால் பல வருஷம் நான் தென்னேரிப் பக்கம் ஒரு கோழி ஷெட்டில் வேலை செய்தேன். குஞ்சு இறக்குவது என் வேலை. முட்டையிலிருந்து பொரிந்த மறுநாள் குஞ்சு ஷெட்டுக்கு வரும். உமி பரப்பி, தகடு வட்டமாகக் கட்டி, நடுவில் பல்பு தொங்கவிட வேண்டும். குஞ்சுகளைப் பார்த்தே சூடு சொல்லிவிடுவேன். எல்லாம் பல்புக்குக் கீழே குவிந்தால் குளிர். பல்பை விட்டு விலகித் தகடு ஓரம் ஒட்டினால் சூடு அதிகம். பரவலாக மேய்ந்தால் சரி. வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் பல்பைத் தூக்கிக் கட்டு. குளிர்காலத்தில் சுற்றிலும் பாலிதீன் படுதாவை இறக்கிவிடு. விளக்கு ராத்திரி முழுக்க எரிய வேண்டும். இருட்டானால் குஞ்சுகள் பயந்து ஒன்றன்மேல் ஒன்று ஏறும்.

ஒரு மழைக்காலம் ஷெட்டில் கரண்ட் போனது. கரண்ட் போனால் கரிச்சட்டி மூட்டி உள்ளே வைக்க வேண்டியவன் நான். எனக்குக் காய்ச்சல், தூங்கிவிட்டேன். விடிந்து பார்த்தால் தகட்டோரமாக முழங்கால் உயரத்துக்குக் குஞ்சுகள். மேலே இருந்ததுகூடச் சூடாக இல்லை. காய்ச்சல் என்று சொன்னேன். யாரும் காதில் வாங்கவில்லை. நானே ரெண்டு நாள் குழி வெட்டினேன். அதோடு வேலை போனது. அந்தப் பக்கம் ஊர்களில் எந்த ஷெட்டிலும் என்னை எடுக்கவில்லை. டீக்கடையில் என்னைக் காட்டி, குஞ்சைக் கொன்றவன் என்பார்கள். பிறகுதான் இந்தத் தோப்பு.

அதனால் பாப்பா பல்பு மாட்டச் சொன்னதும் எனக்குப் பயமும் வந்தது, ஆசையும் வந்தது. இந்தத் தடவை விடக்கூடாது என்று நினைத்தேன்.

தொட்டியை எங்கள் அறைக்குப் பக்கத்து ஸ்டோர் ரூமில் பெஞ்சு மேல் வைத்தேன். மேலே மூட கம்பி வலை இருந்தது. உள்ளே ஒரு கொய்யாக் கிளை சாய்த்து வைத்தேன். முதலில் மஞ்சள் பல்பு. தகரக் குடையோடு ஒரு ஓரத்தில் வலை மேல் வைத்தேன். கிளையின் உச்சிக்கு நேராகச் சூடு இறங்கியது. அடுத்தது ஒரு ட்யூப். வெளிச்சம் லேசாக நீலம் அடித்தது. அதை வலை மேல் நீளவாக்கில் கட்டினேன். மூன்றாவது ஒரு கறுப்பு பல்பு. அதில் கண்ணாடியே இல்லை. பீங்கான் மாதிரி கனம், அடி தட்டை.

அதை மாட்டி சுவிட்ச் போட்டேன். எரியவில்லை. கழற்றிக் காதருகே ஆட்டிப் பார்த்தேன். திரும்ப மாட்டினேன். எரியவில்லை. காரில் குலுங்கி ஃபியூஸ் ஆகியிருக்கும் என்று நினைத்தேன். கையை ரெண்டு நிமிஷம் கிட்டே வைத்திருந்தால் தெரிந்திருக்கும். வைக்கவில்லை. கழற்றித் தூரப் போட்டேன். உத்திரமேரூர் பஜாருக்குப் போய் நூறு வாட்ஸ் குண்டு பல்பு ஒன்று வாங்கிவந்து அந்த ஹோல்டரில் மாட்டி, வலைக்குக் கீழே தொங்கவிட்டேன். நன்றாக எரிந்தது.

நாலாவதாக இருந்தது சின்னப் பெட்டி. எல்லா பிளக்கும் அதில்தான் செருக வேண்டும் என்று நினைத்தேன். செருகினேன். சாயங்காலம் ஆறு மணிக்கு எல்லாம் தானாக அணைந்தது. நான் அப்போது கிணற்றடியில் இருந்தேன். ஸ்டோர் ரூம் ஜன்னல் இருண்டதைப் பார்த்து ஓடிவந்தேன். அந்தப் பெட்டியைப் பிடுங்கிவிட்டு நேராக பிளக் கொடுத்தேன். வெளிச்சம் வந்தது. அன்றிலிருந்து ராப்பகல் அணையவே விடவில்லை.

என் பெண்சாதி கேட்டாள்.

"ஏன்யா, அதுக்குத் தூக்கம் வராதா?"

"குஞ்சுக்கு வெளிச்சம் வேணும்மே."

"அது குஞ்சா? வேலி மேல குந்திகினு கீற ஓணான் ராத்திரில லைட்டு போட்டுக்கினா கீது?"

"உனுக்கு இன்னா தெரியும்" என்றேன். அவள் உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போய்விட்டாள்.

முதல் மூன்று வாரம் நன்றாகத் தின்றது. முருங்கைக்கீரை, செம்பருத்திப் பூ, கொத்தவரை, பூசணித் துருவல். பாப்பா தினம் காலையில் போன் செய்யும். போனைக் காட்டுவேன். பாப்பா அதன் பெயரைச் சொல்லிக் கொஞ்சும். அது தலையைத் தூக்கிப் பார்க்கும்.

ஐப்பசி மழை பிடித்தது. சுவர் ஓதம் ஏறியது. தொட்டிக்குள் ஒட்டியிருந்த தெர்மாமீட்டரின் ஊசி இறங்குவதைப் பார்த்தேன். ஷெட்டில் படுதா இறக்குவோமே, அதுதான் ஞாபகம் வந்தது. ஓனர் வீட்டில் மாற்றிப் போட்ட பழைய ஜன்னல் கண்ணாடி ரெண்டு கிடந்தன. ட்யூபைத் தூக்கி, வலை மேல் கண்ணாடிகளைப் பரப்பி, கண்ணாடி மேல் ட்யூபை வைத்தேன். குடை பல்புக்கு மட்டும் இடம் விட்டேன். காற்றுக்கு ஓரத்தில் ரெண்டு விரல் சந்து. சூடு நின்றது. ஊசி ஏறியது. அன்றைக்கு நான் ரொம்ப சந்தோஷமாகச் சாப்பிட்டேன்.

பத்துப் பதினைந்து நாளில் தீனி குறைந்தது. கீரையை மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொள்ளும். எந்நேரமும் பல்புக்குக் கீழேயே கிடந்தது. பல்புக்குக் கீழே கிடந்தால் குளிர். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். குண்டு பல்பை இன்னும் இறக்கிக் கட்டினேன். மறுநாள் அதன் முதுகில் கறுப்பாக ஒரு தழும்பு. சுட்டுவிட்டது. மஞ்சள் அரைத்துப் போட்டேன். பல்பைத் தூக்கினேன். அப்படியும் அது அங்கேயே கிடந்தது.

பிறகு முன்கால் நடுங்க ஆரம்பித்தது. நாலு அடி வைத்தால் வயிறு தரையில் இடித்தது. கிளையில் ஏறப் பார்க்கும், பாதியில் தொப்பென்று விழும். பச்சை போய்ச் சாம்பல் நிறமானது. ஒருநாள் வலது முன்கால் வெளிப்பக்கமாக வளைந்திருந்தது. நான் உடைக்கவில்லை. தானாக வளைந்தது.

"சாப்பிடுதாண்ணா?" என்று பாப்பா கேட்டது.

"சாப்புடுது பாப்பா."

"ஏன் டல்லா இருக்கு?"

"இப்பதான் தூங்கி ஏந்துச்சு."

போனை இடது பக்கமாகப் பிடித்தேன். வளைந்த கால் தெரியாமல் பிடித்தேன். ஒரு வாரம் அப்படியே பிடித்தேன்.

"பொய் சொல்லிக்கினே கீற. அந்தப் பொண்ணு அங்க சோறு துன்னுமா, தெரிஞ்சா?" என்றாள் என் பெண்சாதி.

"தெரிஞ்சாதானே."

"செத்துப் பூட்டா தெரியாதா?"

காலையில் எழுந்ததும் ஸ்டோர் ரூம் கதவைத் திறக்க எனக்குக் கை வராது. கதவுக்கு வெளியே கொஞ்ச நேரம் நிற்பேன். ஷெட்டில் அன்றைக்குக் கதவைத் திறந்த மாதிரியே இருக்கும். திறந்து, அது மூச்சு விடுகிறதா என்று விலாவைப் பார்த்த பிறகுதான் வாய் கொப்பளிப்பேன்.

கார்த்திகையில் ஒரு காலை, அது கண்ணையே திறக்கவில்லை. துண்டில் சுற்றிக் கூடையில் வைத்து மூடி, மொபெட்டில் கட்டிக்கொண்டு உத்திரமேரூர் மாட்டாஸ்பத்திரிக்குப் போனேன். கிளம்பும்போது பெண்சாதி ரேஷன் கார்டு கவரைக் கொண்டுவந்து கையில் திணித்தாள்.

"அந்தப் பொண்ணு எழுதின பேப்பர் கீதே, அத்தக் காட்டு. நீ படிக்கல. படிச்சவங்க படிக்கட்டும்."

ஆஸ்பத்திரியில் ஆடுகள், கன்றுக்குட்டிகள், ஒரு சேவல். வரிசையில் நின்றேன். முன்னால் நின்ற ஆள் கூடை மூடியைத் தூக்கிப் பார்த்துவிட்டார்.

"இன்னா நைனா, மொதல குட்டியா?"

"இல்ல."

"ஊசி போடவா வந்த, கொழம்பு வெக்க அறுத்துக் குடுப்பாங்கன்னு வந்தியா?"

எல்லாரும் சிரித்தார்கள். ஆட்டுக்காரப் பொம்பளை மட்டும் சிரிக்கவில்லை. எட்டிப் பார்த்து, "சீக்கு கோழி மாதிரி கீதேப்பா. நீ முன்ன போ" என்றாள். வரிசையில் இருந்தவர்கள் விட்டார்கள். கிண்டல் செய்தவரும் விட்டார்.

டாக்டர் ஒரு சின்ன வயசுப் பொம்பளை. துண்டை விலக்கிப் பார்த்துவிட்டு நாற்காலியில் இருந்து எழுந்தார்.

"நான் மாடு பாக்குறவ. இதைப் புத்தகத்துலதான் பாத்திருக்கேன். இருங்க."

போனில் யாரிடமோ கொஞ்ச நேரம் பேசினார். பிறகு ஒரு விரலால் அதன் கீழ்த்தாடையை அமுக்கினார். தாடை ரப்பர் மாதிரி அமுங்கியது.

"என்ன லைட் போட்டிருக்கீங்க?"

கவரில் இருந்து பேப்பரை எடுத்துக் கொடுத்தேன். நின்றபடியே முழுக்கப் படித்தார். ரெண்டு பக்கமும் படித்தார்.

"இதை உங்களுக்கு யாராச்சும் படிச்சுக் காட்டினாங்களா?"

"இல்ல மேடம்."

அவர் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தமிழில் சொன்னார். ட்யூபுக்கும் பிராணிக்கும் நடுவில் கண்ணாடி வரவே கூடாது, வலை மட்டும்தான். பகலில் பன்னிரண்டு மணி நேரம் வெளிச்சம், ராத்திரி இருட்டு. கறுப்பு பல்பு ராத்திரிக்கு. அது எரியாது, சூடு மட்டும் தரும், எரியவில்லை என்று பயப்பட வேண்டாம். கடைசி வரியைப் பாப்பா அடிக்கோடு போட்டு எழுதியிருந்ததாம். விரலால் காட்டினார். கோடு எனக்கும் தெரிந்தது. அந்தக் கோட்டை முதல் நாளே பார்த்திருந்தேன்.

"வெயில்ல ஒரு சத்து இருக்கு. அந்த ட்யூப்ல வர்றது அதுதான். கண்ணாடி குறுக்க இருந்தா வெளிச்சம் உள்ள போவும், சத்து போவாது. அது கிடைக்கலன்னா எவ்ளோ கீரை தின்னாலும் எலும்புல சேராது. ராத்திரியும் லைட் எரிஞ்சா எப்ப தூங்கும் சொல்லுங்க?"

"எல்லாம் நான்தான் மேடம் பண்ணேன்."

"சரி. இப்ப மாத்துங்க."

சுண்ணாம்புச் சத்து மருந்து கொடுத்தார். எத்தனை சொட்டு என்று தமிழில் எழுதிக் கொடுத்தார். பெரிய எழுத்தாக எழுதினார்.

"பொயக்குமா மேடம்?"

"சூடு குறையக் கூடாது. ரெண்டு நாள் நல்ல வெயில் கிடைச்சா சொல்லலாம்."

வெளியே வந்தேன். வானம் முழுக்கக் கருப்பு. கடலில் புயல் என்று டீக்கடை டிவியில் ஓடிக்கொண்டிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் ஜன்னல் கண்ணாடிகளைத் தூக்கி வெளியே வைத்தேன். ட்யூபை வலை மேல் இறக்கினேன். குண்டு பல்பைக் கழற்றினேன். கறுப்பு பல்பைத் தேடினேன். எங்கே போட்டேன் என்று ஞாபகம் இல்லை. பெட்டியைக் கொட்டினேன், சாக்குகளை உதறினேன்.

"இன்னாத்தய்யா தேடுற?"

"கறுப்பா ஒரு பல்பு. பீங்கான் மாதிரி."

"அதுவா? பாத்ரூம் ஓட்டையில அடச்சி வெச்சிருக்கேன். தவள வருதுன்னு."

போய் எடுத்தேன். சோப்பு நுரை காய்ந்து ஒட்டியிருந்தது. திருகில் ஈரம். துடைத்து அடுப்படியில் காயவைத்து மாட்டினேன். சுவிட்ச் போட்டேன். எரியவில்லை. கையைக் கீழே பிடித்துக்கொண்டு நின்றேன். கொஞ்ச நேரம் கழித்துக் கை சுட்டது. கையை எடுக்கவில்லை. இன்னும் சுட்டது.

ரெண்டு மாசமாகத் தவளைக்கு அடைப்பாக இருந்தது இது.

பிராணியை உள்ளே விட்டேன். மருந்தைச் சொட்டுச் சொட்டாக வாய் ஓரத்தில் விட்டேன். பாதி வெளியே வழிந்தது. மணி நாலு இருக்கும். கொய்யா மரங்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்தன. எங்கேயோ மரம் முறிகிற சத்தம் கேட்டது. கரண்ட் போய்விட்டது.

நாலு நாள் வரவில்லை. கம்பங்கள் சாய்ந்து ரோட்டில் கிடந்தன. லைன்மேன்கள் மழையில் நனைந்துகொண்டு வேலை செய்தார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். எங்களுக்கு அப்போது ஒன்றும் தெரியாது. தோப்பில் முழங்கால் தண்ணீர். போன் முதல் நாளே செத்துவிட்டது. பாப்பா கூப்பிட முடியாது என்பதில் எனக்குக் கொஞ்சம் நிம்மதி. அப்படி நினைத்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை.

எது எதை எப்படி மாட்ட வேண்டும் என்று தெரிந்த அன்றைக்குத்தான் கரண்ட் போனது. தெரியாமல் இருந்த ரெண்டு மாசமும் கரண்ட் ஒருநாள்கூட அரைமணிக்கு மேல் போகவில்லை.

கரிச்சட்டி மூட்டலாம் என்று முதலில் தோன்றியது. மூடிய அறை, ஒரே ஒரு உயிர், புகை தாங்காது. செங்கல்லை அடுப்பில் சுட்டுச் சாக்கில் சுற்றித் தொட்டிக்குள் வைத்தேன். ஒரு கல் ஆறுவதற்குள் இன்னொன்று. விறகு ஈரம். ஊதி ஊதிக் கண் வீங்கியது. பாட்டிலில் வெந்நீர் ஊற்றி ரெண்டு பக்கமும் படுக்க வைத்தேன். தெர்மாமீட்டர் ஊசி ஏறும், நான் அடுப்புக்குப் போய் வருவதற்குள் இறங்கும். அதன் உடம்பைத் தொட்டால் தண்ணீர்ப் பானையைத் தொட்ட மாதிரி ஜில்லென்று இருந்தது. விலா அசைகிறதா என்று பார்க்க முகத்தைக் கிட்டே வைக்க வேண்டியிருந்தது.

ரெண்டாம் நாள் காலை. பெண்சாதி கதவருகே நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கிட்டே வந்தாள்.

"குடுய்யா இப்டி."

"இன்னாத்த?"

"அத்தத்தான். நீ கல்லு மாத்திக்கினே கெட. அதுக்குள்ள அது ஆறிப் பூடும்."

"கடிக்கும்மே."

"கடிக்கிறதுக்கு இன்னா கீது அதுக்கு? தாடையே ஆடுது."

கீழே உட்கார்ந்தாள். பழைய பாவாடைத் துணியில் அதைச் சுற்றி வயிற்றோடு ஒட்டி வைத்து, மேலே முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். அது உள்ளே வந்த நாளில் இருந்து அந்த அறைக்கே வராதவள். முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தாள்.

"ஐஸு மாதிரி கீதுய்யா."

"ரொம்ப இறுக்காத. எலும்பு ஒடிஞ்சிடும்."

"எனுக்குத் தெரியும். நீ போயி கஞ்சி காச்சு. நான் ஏந்திரிக்க மாட்டேன்."

நான் கஞ்சி காய்ச்சினேன். அவளுக்குக் கொண்டுவந்து கொடுத்தேன். ஒரு கையால் குடித்தாள். அவள் எழுந்திருக்க வேண்டி வந்தால் நான் சட்டைக்குள் வைத்துக்கொண்டேன். நகம் மார்பில் குத்தியது. குத்துகிறதே என்று நிம்மதியாக இருந்தது. குத்தினால் உயிர் இருக்கிறது.

"நீ சின்ன வயசுல எத்தினி ஓணான கல்லால அடிச்சிருப்ப?"

"எண்ணினதில்ல."

"இப்ப ஒண்ணுக்கு அழுவுற."

"அழுவல. பொக."

"ஆமா, பொகதான்" என்றாள். முந்தானைக்குள் பார்த்து, "த பாரு, செத்துகித்து வெச்ச, இந்த ஆளு என்ன நிம்மதியா உட மாட்டான். கம்முனு மூச்சு உடு" என்றாள்.

பொழுது சாய்ந்தால் இருட்டு. விளக்கில்லாத இருட்டில் அது அசையாமல் தூங்கியது. ரெண்டு மாசத்தில் அதற்குக் கிடைத்த முதல் இருட்டு அதுதான். புயல் வந்துதான் கொடுக்க வேண்டியிருந்தது.

நாலாம் நாள் பத்து மணி வாக்கில் மேகம் விலகியது. பெண்சாதி வெளியே ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.

"வெயில்யா. வா."

மோட்டார் ரூம் கூரை சிமெண்டுத் தளம். தண்ணீரைத் துடைத்துவிட்டுச் சாக்கு போட்டு, அதன்மேல் படுக்க வைத்தேன். பருந்துக்குப் பயந்து நான் கம்போடு பக்கத்தில் உட்கார்ந்தேன். பெண்சாதி கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"கண்ணத் தொறந்துச்சா?"

"இல்ல."

"இப்ப?"

"இல்லமே. ஏறினா நானே சொல்றேன்."

"ஏறினாவா? எங்க ஏறுறது?"

"சூடு."

அரைமணி போனது. முதலில் நிறம்தான் மாறியது. கழுத்துக்குப் பக்கத்தில், சாம்பலுக்குள் ஒரு பச்சை. பிறகு உடம்பைத் தட்டையாக விரித்து வெயிலுக்குக் காட்டியது. நான் சொல்லிக்கொடுக்கவில்லை, பேப்பரிலும் இல்லை. பிறகு ஒரு கண் திறந்தது. என்னைப் பார்த்தது என்று சொல்ல மாட்டேன். திறந்தது.

"தொறந்துச்சு" என்றேன்.

கீழே எட்டிப் பார்த்தேன். ஏணியில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றாள்.

கொஞ்ச நேரத்தில் அது வாயைத் திறந்தது. அது மட்டும் எனக்குத் தெரியும். கோழிக்கும் அதேதான். சூடு போதும். நிழலுக்கு மாற்றினேன். மறுநாளும் வெயில் அடித்தது. அன்றைக்குச் செம்பருத்தி இதழ் ஒன்றை வாயருகே பிடித்தேன். கவ்வியது. மெல்ல முடியவில்லை. இதழ் பல்லில் ஒட்டித் தொங்கியது. ரொம்ப நேரம் அப்படியே இருந்தது. பிறகு விழுங்கியது.

அன்று மாலை கரண்ட் வந்தது. போனை சார்ஜில் போட்டேன். பாப்பா எத்தனையோ தடவை கூப்பிட்டிருந்தது. நானே கூப்பிட்டேன். அதற்கு முன்னால் நான் பாப்பாவைக் கூப்பிட்டதே இல்லை.

"அண்ணா! ஐயோ, புயல்னு நியூஸ்ல பாத்தேன். எல்லாரும் நல்லா இருக்கீங்களா? அது..."

"உயிரோட கீது பாப்பா. ஆனா நான் ஒண்ணு சொல்லணும்."

சொன்னேன். கண்ணாடி போட்டதைச் சொன்னேன். கறுப்பு பல்பைத் தூக்கிப் போட்டதை, ராத்திரி விளக்கு எரியவிட்டதை, முதுகு சுட்டதை, போனை ஒரு பக்கமாகப் பிடித்ததைச் சொன்னேன். போனை வலது பக்கம் கொண்டுபோய் வளைந்த காலைக் காட்டினேன். பாப்பா கையால் வாயைப் பொத்திக்கொண்டது.

"ஏன்ணா கேக்கல? ஒரு வார்த்தை கேட்டிருந்தா நான் சொல்லியிருப்பேனே. எத்தனை தடவை சொன்னேன் கேளுங்கன்னு!"

"கேக்கல பாப்பா."

"அதான், ஏன்?"

படிக்கத் தெரியாது என்று சொல்வது கஷ்டமாக இருந்ததா? இல்லை. தெரியும் என்று முதல் நாள் சொல்லிவிட்டேன். அதற்கப்புறம் தெரியாது என்று சொல்வதுதான் வரவில்லை. கோழி ஷெட் கதையை நான் சொல்லவில்லை. அது பாப்பாவுக்கு எதற்கு?

பாப்பா அழுதது. கோபமாகவும் பேசியது. பேசட்டும் என்று கேட்டுக்கொண்டு நின்றேன். பக்கத்தில் இருந்த பெண்சாதி திடீரென்று போனைப் பிடுங்கினாள்.

"பாப்பா, திட்டு. நல்லா திட்டு. ஆனா இந்த ஆளு மூணு நாளா தூங்கல, அத்தயும் தெரிஞ்சிக்கினு திட்டு."

பாப்பா முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அது இப்ப எங்க இருக்கு?" என்று கேட்டது.

"மடியில கீது" என்றாள் பெண்சாதி. உண்மையாகவே மடியில்தான் இருந்தது.

கடைசியில் பாப்பா என்னிடம் கேட்டது.

"அண்ணா, வேற யாராச்சும் வந்து எடுத்துட்டுப் போகச் சொல்லவா? இல்ல நீங்க பாத்துக்குவீங்களா? நிஜமா சொல்லுங்க."

"இனிமே ஒண்ணொண்ணும் கேட்டுக் கேட்டுப் பண்றேன் பாப்பா."

"சரி. இப்ப மணி என்ன அங்க?"

"ஆறு ஆவுது."

"அப்போ லைட் ரெண்டையும் ஆஃப் பண்ணுங்க. கறுப்பு பல்பு மட்டும் ஓடட்டும். நான் லைன்லயே இருக்கேன்."

சின்னப் பெட்டியைத் திரும்ப மாட்டலாம், பகல் விளக்கு ரெண்டையும் அது தானாக அணைக்கும் என்று பாப்பா பிறகு சொன்னது. நாளைக்கு மாட்டுகிறேன் என்றேன். பிராணியைத் தொட்டிக்குள் விட்டுவிட்டு, அன்றைக்கு என் கையாலேயே ட்யூபை அணைத்தேன். பிறகு மஞ்சள் பல்பு சுவிட்சில் விரலை வைத்துக்கொண்டு நின்றேன். அணைத்தேன். அறை இருண்டது. போன் வெளிச்சம் மட்டும். அதையும் பாப்பா மூடிவைக்கச் சொன்னது.

"எரியுதாண்ணா?"

"எரியல."

கறுப்பு பல்புக்குக் கீழே கையைப் பிடித்தேன்.

"கொஞ்சம் இரு பாப்பா" என்றேன். "ஆங். சுடுது."